சின்னரியோட மக்காவ் படகுப் படங்கள எவ்ளோ தூரம் நம்பலாம்?

உங்க கேள்வி ரெண்டு வரிதான். 1830கள்ல மக்காவ் (தெற்குச் சீனக் கரையில போர்த்துகீசியர் கையில இருந்த துறைமுக ஊர்) கரையில நடக்கற மாதிரி ஒரு நாவல் எழுதிட்டிருக்கீங்க, ஜார்ஜ் சின்னரிங்கற ஆங்கிலேய ஓவியர் வரைஞ்ச சீனப் படகு, படகுக்காரப் பொம்பளைங்க, மீனவங்க படமெல்லாம் நெட்ல நிறைய கிடைக்குது, அத நம்பி எழுதலாமா, அப்புறம் படத்து ஓரத்துல புழு நெளியற மாதிரி இருக்கறது சீன எழுத்தானு கேட்டிருக்கீங்க. பாத்தா ரெண்டு தனித்தனி கேள்வி மாதிரி இருக்கு, ஆனா அந்தப் புழு என்னனு தெரிஞ்சா முதல் கேள்விக்கு பாதி பதில் கைக்கு வந்துரும். நீங்க கேக்க வர்றது, இந்த மனுஷன் கண்ணால பாத்தத வரைஞ்சாரா இல்ல விக்கறதுக்காக ஜோடிச்சு வரைஞ்சாராங்கறதுதான்னு எடுத்துக்கறேன். ரெண்டுமே பண்ணிருக்காரு. எது எதுனு பிரிக்க முடியும், அதுவும் அவரே விட்டுட்டுப் போன அடையாளத்த வச்சே பிரிக்கலாம்.

நான் பழைய தாள் ஓவியங்கள பழுது பாத்து பாதுகாக்கற வேலைல இருவது வருஷத்துக்கு மேல இருக்கேன். பென்சில், மை, வாட்டர்கலர், அந்தந்தக் காலத்து தாள், இதெல்லாம் தினமும் கையில புழங்கற சாமான். சீன வரலாறு முறையா படிச்சதில்ல, அந்தப் பக்கத்து சீன மொழியான கான்டனீஸ் பேச வராது. அதனால தாளப் பத்தி நான் சொல்றத தைரியமா எடுத்துக்குங்க, படகப் பத்தி சொல்றது படிச்சும் கேட்டும் தெரிஞ்சுக்கிட்டது, எங்க சந்தேகம் இருக்கோ அங்கங்க சொல்லிட்டே போறேன்.

முதல்ல ஆளப் பத்தி கொஞ்சம். 1774ல லண்டன்ல பொறந்தாரு, ராயல் அகாடமி பள்ளிக்கூடத்துல படிச்சாரு, டப்ளின்ல சில வருஷம் இருந்து கல்யாணமும் பண்ணிட்டு, 1802 கடைசில கப்பலேறி நம்ம மெட்ராஸுக்கு வந்து சேந்தாரு. அவரோட அண்ணன் ஜான் அங்க கம்பெனி உத்தியோகத்துல இருந்தாரு. அப்ப மெட்ராஸ்ல துறைமுகமே கிடையாது, கப்பல் தூரத்துல நிக்கும், அங்கருந்து ஆணி அடிக்காம கயிறு போட்டுத் தைச்ச மசூலா படகுல அலையத் தாண்டித்தான் கரைக்கு வரணும், வந்த ஒவ்வொருத்தரும் அப்படித்தான் வந்தாங்க. அஞ்சு வருஷம் மெட்ராஸ், அங்கதான் ஹைதராபாத்ல கம்பெனி பிரதிநிதியா (ரெசிடென்ட்) இருந்த கிர்க்பாட்ரிக்கோட ரெண்டு குழந்தைங்கள 1805ல வரைஞ்சாரு, அந்தப் படம் ரொம்பப் பிரபலம். அப்புறம் கல்கத்தா, டாக்கா, கழுத்து வரைக்கும் கடன், கொஞ்ச காலம் கடன்காரங்களுக்கு பயந்து டேனிஷ்காரங்க கையில இருந்த செராம்பூர்ல ஒதுங்கல், கடைசியா 1825 செப்டம்பர்ல மக்காவ். அதுக்கப்புறம் ஊருக்கே திரும்பல, 1852 மே மாசம் மக்காவ்லயே செத்தாரு, அங்க இருக்கற பழைய புராட்டஸ்டன்ட் கல்லறைத் தோட்டத்துல புதைச்சிருக்காங்க. இருவத்தாறு வருஷத்துக்கு மேல ஒரே கரைய சுத்தி சுத்தி வரைஞ்ச ஆள்ங்கறத மனசுல வச்சுக்குங்க, ஒரு சீசனுக்கு வந்துட்டுப் போனவங்க படத்துக்கும் இதுக்கும் இருக்கற வித்தியாசம் அங்கதான் ஆரம்பிக்குது.

இப்ப அந்தப் புழு. அது சீன எழுத்து கிடையாது, இங்கிலீஷ் சுருக்கெழுத்து. கர்னினு ஒருத்தர் பதினெட்டாம் நூற்றாண்டு நடுவுல பரப்பின முறை, நாவலாசிரியர் டிக்கன்ஸ் இளைஞனா கோர்ட்டு நிருபர் ஆகறதுக்காக கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டதும் இதே முறைதான். சின்னரியோட அப்பா, தாத்தா ரெண்டு பேரும் எழுத்துக் கலை சொல்லிக் குடுத்த வாத்தியாருங்க, அதனால அவருக்கு இது சின்ன வயசுலயே கைக்கு வந்துருச்சு. இதுல பெரும்பாலும் மெய்யெழுத்துக்கு மட்டும்தான் கோடு, உயிரெழுத்த நாமளே ஊகிச்சுக்கணும். தமிழ்ல ‘ப்ட்க்’னு மட்டும் எழுதி வச்சா படகா, பட்டகமா, பாட்டுக்கானு இடத்தப் பாத்துத்தானே முடிவு பண்ணுவோம், அந்த மாதிரி. போதாக்குறைக்கு அவர் தன் வசதிக்கு சில குறியயும் மாத்திக்கிட்டாரு. எனக்கு இத சொந்தமா படிக்க வராது, படிக்கக் கத்துக்கிட்டவங்க வெளியிட்ட வாசிப்ப வச்சுத்தான் சொல்றேன். நிறைய இடத்துல வாசிப்பு தெளிவா இருக்கு, சில இடத்துல அவங்களே ரெண்டு வாசிப்பு குடுத்திருக்காங்க.

அதுல என்ன எழுதிருக்காருங்கறதுதான் உங்களுக்கு வேண்டியது. காதல் கடிதமோ ரகசியமோ எதுவும் இல்ல, எல்லாம் வேலைக் குறிப்பு. தேதி, எந்த எடத்துலருந்து பாத்தது, இந்தப் பக்கம் சரி, இத இன்னும் பெருசா போடணும், இங்க நிழல் வேணும், மை போட்டது இந்தத் தேதின்னு இந்த ரகம். வெளிய போய் பென்சில்ல கிடுகிடுனு எடுத்துட்டு வந்து, அப்புறம் வீட்டுல உக்காந்து பேனாவும் பழுப்பு மையும் வச்சு கோட்ட உறுதிப்படுத்தறது அவர் வழக்கம். அதாவது ஒரே தாள்ல ரெண்டு நேரம் இருக்கு, கரையில நின்ன நேரம் ஒண்ணு, வீட்டுல ஞாபகத்துலருந்து சரி பண்ண நேரம் ஒண்ணு. அந்தக் குறிப்புங்க பல இடத்துல ரெண்டயும் பிரிச்சுக் காட்டுது. சாட்சி சொல்றவரே “இத கண்ணால பாத்தேன், இது அப்புறம் சேத்தது”னு பக்கத்துல எழுதி வச்ச மாதிரி, அந்தக் காலத்து ஓவியங்கள்ல இப்படி கிடைக்கறது ரொம்ப அபூர்வம்.

ஒரு தாள் கண்ணுக்குள்ளயே இருக்கு, சொல்றேன். உள்ளங்கை ரெண்ட சேத்து வச்ச அளவுதான் இருக்கும். படகோட பின்பக்கம் ஒரு பொண்ணு நிக்கறா, நீளமான துடுப்பு மேல உடம்ப சாய்ச்சிருக்கா, முதுகுல துணி போட்டுக் கட்டின குழந்தை, தலைல முக்கோணமா மடிச்ச துணி. நேரா வெளிச்சத்துல பாத்தா பழுப்புக் கோடு மட்டும்தான் தெரியும். விளக்க பக்கவாட்டுல தாழ்வா வச்சு, லென்ஸ் வழியா பாத்தா அடியில பென்சில் ஈயம் மினுக்குனு மின்னும், அப்பதான் தெரிஞ்சுது, துடுப்புக்கு மட்டும் மூணு பென்சில் கோடு. அவ அசைச்சிட்டே இருந்திருக்கா, இவர் மூணு நிலையயும் எடுத்துட்டு, அதுல நடுக் கோட்டுக்கு மட்டும் அப்புறமா மை போட்டிருக்காரு. கால் வச்சிருக்கற விதத்துக்கு ஒரே ஒரு பென்சில் கோடு, மையும் அதே மேல போயிருக்கு, ஒரு முடி அளவு கூட நகரல. முகம் பென்சில்ல வெறும் முட்டை வடிவம், கண்ணு மூக்கு எல்லாம் மையில வந்தது. இப்ப நீங்களே சொல்லுங்க, இதுல எத நம்பலாம்? காலையும் சாய்வையும் நம்பலாம், முகத்த நம்பக் கூடாது. ஸ்கேன் பண்ணி நெட்ல போட்ட படத்துல இந்த பென்சில் பெரும்பாலும் விழறதில்ல, அதனால முகம் மேல இருக்கற நம்பிக்கைய நீங்க முன்கூட்டியே குறைச்சுக்கணும்.

இன்னொண்ணு, அந்தப் பழுப்பு நிறம். பாக்கறவங்க எல்லாம் மக்காவ்னா ஒரு மங்கலான, பழைய காலத்து சோகம்னு நினைச்சுக்கறாங்க. அந்தக் காலத்து எழுத்து மை பலது மாசிக்காயும் இரும்பு உப்பும் சேத்துக் காய்ச்சினது, போடும்போது கறுப்பா இருக்கும், வருஷம் போகப் போக பழுப்பாகும், சிலது தாளயே அரிக்கும். வேணும்னே பழுப்பா கலக்கின மையும் உண்டு. ஒரு தாள்ல இருக்கறது எந்த மைனு சோதிச்சாத்தான் சொல்ல முடியும். அதனால அந்தப் பழுப்ப உங்க நாவலோட வானிலையா ஆக்கிராதீங்க, அந்த ஊர் கோடை காலத்துல கண்ணு கூசற வெயில் அடிக்கற ஊரு.

சரி, படகுக்கு வருவோம். அவர் அதிகமா வரைஞ்சது தங்கா ஜனங்களோட, அதாவது படகுலயே வாழற ஜனங்களோட, சின்னப் படகு. மக்காவுக்கு முன்னாடி கடல் ஆழமே கிடையாது, சேறு. பெரிய கப்பல் எல்லாம் சில மைல் தள்ளித்தான் நங்கூரம் போடும். அங்கருந்து ஆளயும் பெட்டியயும் பிறை மாதிரி வளைஞ்ச பிராயா கிராண்டே கரைக்கு கொண்டு வந்து விடறது இந்தப் படகுங்கதான், பெரும்பாலும் ஓட்டினது பொம்பளைங்க. ரெண்டு பேர், ஒருத்தி பின்னாடி நின்னு துடுப்பு, இன்னொருத்தி முன்னாடி. நடுவுல மூங்கில் பாய வளைச்சுப் போட்ட கூண்டு, நம்ம ஊர் கூண்டு வண்டிய ஞாபகம் வச்சுக்குங்க, அச்சு அசல் அதே வளைவு. அந்தக் கூண்டுக்குள்ளதான் சமையல், தூக்கம், பிரசவம், சாமி எல்லாம். வெள்ளக்காரங்க இத முட்டைப் படகுனு சொன்னாங்க. கூண்டு பாதி முட்டை மாதிரி இருக்கறதால வந்த பேருனு சிலர், தங்காங்கறதுல இருக்கற ‘தான்’ங்கற சத்தம் கான்டனீஸ்ல முட்டைக்கும் வர்றதால வந்துச்சுனு சிலர், ரெண்டுமே சேந்து வந்திருக்கவும் வாய்ப்பு இருக்கு. கதைல பேர யூஸ் பண்ணுங்க, காரணத்த உறுதியா எழுதிராதீங்க.

பேருன்னதும் ஒரு விஷயம். தங்காங்கறது இப்ப அந்த ஜனங்க இழிவா நினைக்கற சொல்லு, அவங்க தங்கள ‘தண்ணி மேல இருக்கற மனுஷங்க’ங்கற அர்த்தம் வர்ற மாதிரித்தான் சொல்லிக்கறாங்க. 1830கள்ல கரையில இருக்கறவன் வாயில தங்கானுதான் வரும், ஆனா கதை சொல்ற குரல் அதே சொல்ல யோசிக்காம யூஸ் பண்ணா தப்பா போயிரும். கரையில குடியேறக் கூடாது, கரை ஜனங்களோட சம்பந்தம் பண்ண முடியாது, அரசாங்கப் பரீட்சை எழுத முடியாதுனு தலைமுறை தலைமுறையா ஒதுக்கி வச்ச ஜனங்க. 1729லயே யோங்செங்ங்கற சீனப் பேரரசர் இவங்க கரையில வாழலாம்னு ஆணை போட்டாரு, ஆனா நடைமுறைல ஒதுக்கல் போகல. சின்னரி படத்துல கரையோரமா பழைய படகுகள கம்பு நட்டு மேல தூக்கி வச்சு, பாயும் பலகையும் சேத்து வீடு மாதிரி ஆக்கிக்கிட்ட குடியிருப்புங்க வரும். ஓட்ட முடியாம போன படகு தரையில ஏறி வீடாகுது. என்னைக் கேட்டா அவரோட மொத்த வேலைலயே உங்க நாவலுக்கு அதிகமா உபயோகப்படப் போறது இந்தப் படங்கதான், ஏன்னா இத யாரும் சுவத்துல மாட்ட காசு குடுத்து வாங்க மாட்டாங்க, அவருக்காக அவர் வரைஞ்சது. அதே மாதிரி பன்னி, ஆடு, சவரம் பண்றவர், கொல்லர், தெருவுல சாப்பாடு விக்கறவர், தரையில உக்காந்து சூதாடறவங்கனு குட்டிக் குட்டியா வரைஞ்சதயும் தேடிப் பிடிங்க.

பின்பக்கத் துடுப்பு பத்தி கொஞ்சம் விளக்கணும், ஏன்னா எழுத்தாளர்ங்க இங்கதான் சறுக்கறாங்க. அது நம்ம துடுப்பு மாதிரி தண்ணிய வாரி எடுத்து வாரி எடுத்துப் போடறது கிடையாது. யூலோனு சொல்வாங்க. நீளமா, லேசா வளைஞ்சு, படகோட பின் விளிம்புல ஒரு முளை மேல உக்காந்திருக்கும், தண்ணிய விட்டு வெளியவே வராது. மேல்முனையிலருந்து ஒரு கயிறு கீழ படகுத் தளத்துக்குப் போகும். பிடிய இந்தப் பக்கம் தள்ளி அந்தப் பக்கம் இழுக்கும்போது, கயிறு இழுக்கற இழுப்புல அலகு தானா திரும்பிக்கும், மீன் வால ஆட்டற மாதிரி ரெண்டு வீச்சுலயும் படகு முன்னாடி போகும். நின்னுக்கிட்டே, முதுகுல குழந்தையோட, ஒரு பொம்பளை தனியா ஒரு கனமான படகத் தள்ளிட்டுப் போக முடிஞ்சதுக்கு காரணம் இதுதான். உங்க கதாநாயகி துடுப்பு ‘போட்டா’னு எழுதினா படகு தெரிஞ்சவங்க அங்கயே புத்தகத்த மூடிருவாங்க.

ஹாங்காங் அபர்டீன் துறைல ஒரு தடவ சம்பான்ங்கற சின்னப் படகு ஓட்டற வயசான அம்மா ஒருத்தங்ககிட்ட அந்தத் தாளோட போட்டோவ ஃபோன்ல காட்டினேன், கூட வந்த நண்பர் மொழிபெயர்த்தாரு. (சம்பான்ங்கற சொல்லு நம்ம அகராதிலயும் இருக்கு, சீனத்துல ‘மூணு பலகை’னு அர்த்தம், கடல் வழியா வந்து நம்ம கரையிலயும் ஒட்டிக்கிச்சு.) இப்ப அங்க எல்லாமே எஞ்சின்தான், ஆனா அந்த அம்மா சின்ன வயசுல யூலோ ஓட்டினவங்க. முகத்தப் பாக்கவே இல்ல. ஒரு கை பிடியிலயும் இன்னொரு கை கயித்துலயும் இருக்கறத விரலால தொட்டுக் காட்டி, இவ நேரா போகல, எதையோ ஒட்டி வர்றதுக்காக திருப்பறானு சொன்னாங்க. நான் அந்தத் தாள அத்தன நாள் பாத்தும் இது எனக்குத் தெரியல. ஒரு அம்மா சொன்னத வச்சு ஒரு பழைய படத்த மொத்தமா சரினு நிரூபிச்சிட முடியாது, அது எனக்குத் தெரியும். ஆனா அந்த வேலை செஞ்ச உடம்புக்கு அந்தக் கோடு புரிஞ்சுதுங்கறது சின்ன விஷயம் இல்ல. அந்தக் கை எங்க இருக்குங்கறத அவர் ஊகிச்சு வரைஞ்சிருந்தா அப்படிப் புரிஞ்சிருக்காது.

எண்ணெய் ஓவியத்துக்கு வந்தா கதையே வேற. சிவப்புத் துணி தலைல, கருநீல சட்டை, இளமையா, லேசா சிரிச்ச முகத்தோட படகுல உக்காந்திருக்கற பொண்ணு, நீங்க நெட்ல முதல்ல பாத்தது அனேகமா அதுதான். இது வியாபாரிங்க வாங்கறதுக்காக வரைஞ்சது, ஊருக்குத் திரும்பும்போது ஞாபகார்த்தமா எடுத்துட்டுப் போறதுக்கு. அவருக்கு சிந்தூரச் சிவப்பு மேல ஒரு பிரியம், முகம் வரையும்போது மூக்குக்கு கீழ நிழலுக்கு கூட அந்தச் சிவப்ப தொட்டு வைப்பாரு, படத்துல எங்கயாவது ஒரு பொட்டு சிவப்பு இல்லாம இருக்காது. அதனால படகுக்காரப் பொம்பளைங்க தலைல துணி கட்டினது உறுதி, பென்சில் படம் எல்லாத்துலயும் இருக்கு, எல்லாரும் சிவப்பு கட்டினாங்கங்கறது அவர் தூரிகையோட பழக்கமா இருக்கலாம். வெறுங்காலோட, பாதம் கட்டாம (பொண்ணுங்க பாதத்த சின்ன வயசுலயே துணியால இறுக்கிக் கட்டறது அந்தக் காலத்து சீன வழக்கம்), கால நல்லா அகட்டி வச்சு நிக்கறது உறுதி, பாதம் கட்டிக்கிட்டா இந்த வேலையே பண்ண முடியாது. அழுக்கு, கிழிசல், வயசு, வெயில்ல காஞ்ச தோலு, இதெல்லாம் எண்ணெய்ப் படத்துல காணாம போயிருது, சின்னத் தாள்ல அங்கங்க தலை காட்டுது.

ஜங்க்னு சொல்ற பெரிய சீனப் பாய்மரக் கப்பல் விஷயத்துல நான் இன்னும் எச்சரிக்கையா இருப்பேன். மனுஷ உடம்பு, கூண்டு, பாறை, கோயில் படிக்கட்டு இதுலயெல்லாம் அவர் கண்ணு கூர்மை. தூரத்துல நிக்கற ஜங்க் அவருக்கு பெரும்பாலும் வானத்த நிரப்பற ஒரு வடிவம், அத எண்ணிப் பாத்து பாய்ல இத்தன மூங்கில், இத்தன கயிறுனு எழுதாதீங்க. அடிப்படை விஷயம் சொல்றேன். சீனப் பாய்ல குறுக்க முழு அகலத்துக்கும் மூங்கில் சட்டம் இருக்கும், ஒவ்வொரு சட்டத்தோட முனைலருந்தும் ஒரு சின்னக் கயிறு வந்து ஒண்ணா சேரும், காத்து அதிகமானா தூக்குக் கயித்த கொஞ்சம் விட்டா போதும், ஜன்னல் திரை மடியற மாதிரி பாய் மடிஞ்சு கீழ உக்காந்துரும், யாரும் மரத்துல ஏற வேண்டாம். நாம கப்பலோட துணிக்கும் தரையில விரிக்கறதுக்கும் பாய்ங்கற ஒரே சொல்லத்தான் வச்சிருக்கோம், அந்தக் காலத்து ஜங்குக்கு அது அப்படியே பொருந்தும், பெரும்பாலும் நாரப் பின்னின நிஜப் பாய்தான் கட்டிருந்தாங்க. இப்ப டூரிஸ்ட் போஸ்டர்ல வர்ற சிவப்புத் துணிப் பாய 1830க்கு கொண்டு போகாதீங்க. சுக்கான ஆழத்துக்கு ஏத்த மாதிரி மேல தூக்கலாம், தெற்குச் சீனக் கப்பல்கள்ல அதுல சாய்சதுர ஓட்டைங்க போட்டிருப்பாங்க, திருப்ப லேசா இருக்கும். அளவு, கட்டுமானம் வேணும்னா சின்னரிய விட்டுட்டு எட்மண்ட் பாரீஸ்ங்கற பிரெஞ்சு கடற்படை அதிகாரியோட வரைபடங்களப் பாருங்க. அவர் போன துறைமுகத்துலயெல்லாம் படகுகள அளந்து வரைஞ்சவர், 1840கள் ஆரம்பத்துல வெளியான அவரோட பெரிய தொகுப்புல சீனப் படகோட நம்ம சோழமண்டலக் கரை கட்டுமரமும் சலங்கும் கூட இருக்கு. அதே காலத்துல கான்டன்ல (இப்ப குவாங்சோ) சீன ஓவியர்ங்க நெட்டி மாதிரி ஒரு செடியோட தண்டுக்குள்ள இருக்கற மெத்துனு இருக்கற பாகத்துல செஞ்ச மெல்லிசான தாள்ல படகு வகைகள ஆல்பம் ஆல்பமா வரைஞ்சு வித்தாங்க, வாத்து வளக்கற படகு, அதிகாரி படகு, கேளிக்கைக்கான பூப்படகுனு வகை வகையா இருக்கும். அதுவும் வெளிநாட்டுக்காரனுக்கு விக்க வரைஞ்சதுதான், ஆனா வண்ணத்துக்கும் வகைக்கும் சின்னரியோட பக்கத்துல வச்சு ஒத்துப் பாக்க அதவிட நல்லது எதுவும் கிடையாது.

மத்த ஐரோப்பியர்ங்களயும் இதே கேள்விய வச்சுத்தான் அளக்கணும், கண்ணால பாத்தாரா, நடுவுல வேற கை வந்துச்சா. பிரிட்டன் சீனாவுக்கு அனுப்பின மெக்கார்ட்னி தூதுக்குழுவோட 1792ல கிளம்பிப் போன வில்லியம் அலெக்சாண்டர் கால்வாய்ப் படகுகள பிரமாதமா வரைஞ்சாரு, ஆனா சீனப் பெருஞ்சுவர அவர் பாக்கவே இல்ல, கூடப் போன ஒரு ராணுவ அதிகாரியோட ஸ்கெட்ச வச்சு வரைஞ்சாரு. 1838ல வந்த ஓகஸ்ட் போர்ஜேங்கற பிரெஞ்சுக்காரர் மக்காவ்ல சின்னரிய சந்திச்சவர், ஒரு வருஷம் கூட இருக்கல, ஆனா நல்ல கண்ணு. பாரீஸ் நகரத்துல வெளியான அவரோட புத்தகத்துல இருக்கற படங்கள கல்லச்சுல ஏத்தினது சிசேரிங்கற வேற ஒருத்தர், அந்தக் கை வழியா வரும்போது கொஞ்சம் மெருகு ஏறிருக்கு.

அப்புறம் நெட்ல சின்னரினு பேர் போட்டதெல்லாம் சின்னரி இல்ல. அவர்கிட்ட கத்துக்கிட்டவங்க, கூட உக்காந்து வரைஞ்சவங்க, பாத்து வரைஞ்சவங்க நிறைய பேர், டாக்டர் வாட்சன், வில்லியம் பிரின்செப், மக்காவ்காரர் மார்சியானோ பாப்டிஸ்டா. கான்டன்ல லாம்குவாங்கற சீன ஓவியர் சின்னரி பாணியிலயே எண்ணெய் ஓவியம் பண்ணி கம்மி விலைக்கு வித்தாரு, லாம்குவா தன் மாணவர்னு ஒத்துக்கவே சின்னரி மறுத்தாரு. ஒருத்தர் வீட்டுல பரம்பரையா சின்னரினு வச்சிருந்த ஒரு படகுப் படத்த சுத்தம் பண்ண எங்கிட்ட கொண்டு வந்தாங்க, பின்னாடிலருந்து வெளிச்சம் குடுத்துப் பாத்தா தாளுக்குள்ள நீர்க்குறி, தாள் செஞ்ச வருஷம் 1856. அவர் செத்து நாலு வருஷம். படம் நல்ல படம்தான், அந்தக் குடும்பத்துக்கு அத சொல்றதுக்கு எனக்கு மனசு கஷ்டமா இருந்துச்சு. நீங்க விக்டோரியா ஆல்பர்ட், பிரிட்டிஷ் மியூசியம், ஹாங்காங் கலை அருங்காட்சியகம், சேலம்ல இருக்கற பீபடி எசெக்ஸ் (இது அமெரிக்கா சேலம்), டோக்கியோவோட டோயோ புங்கோ மாதிரி இடங்கள்ல இருக்கறத முதல்ல பாருங்க, பேருக்கு முன்னாடி ‘அவர் பாணியில’னு ஒரு சொல் ஒட்டிருக்கானும் பாருங்க. சுருக்கெழுத்து இருந்தா நம்பிக்கை கூடும், இல்லாட்டி போலின்னு அர்த்தம் கிடையாது.

படத்துல என்ன இல்லங்கறதும் உங்களுக்கு முக்கியம். அவருக்கு உருவப்படத்துக்கு காசு குடுத்தவங்கள்ல வில்லியம் ஜார்டின் மாதிரி அபின் வியாபாரிங்க இருந்தாங்க, அந்தக் கரையோட பணமே அதுலருந்துதான் ஓடுச்சு, 1839ல சண்டையும் அதாலதான் வந்துச்சு. அந்தப் பிராயா கரை ஸ்கெட்ச் நூறு பாத்தாலும் அந்த வாசனை வராது. படகுக்காரப் பொம்பளைங்க அவரப் பத்தி என்ன நினைச்சாங்கனும் வராது. அவர் அவங்களுக்கு ஒரு சவாரி, தினமும் காலைல ஒரு தாள எடுத்துட்டு வந்து முறைச்சுப் பாக்கற ஒரு வெளியூர் ஆள். பேரம், வசவு, பாட்டு, கூலி எவ்ளோ, ராத்திரி எங்க கட்டுவாங்க, புயல் வந்தா எங்க ஓடுவாங்க, இதெல்லாம் நீங்க வேற இடத்துலருந்து கொண்டு வரணும், அங்க சின்னரிய சாட்சிக்கு கூப்பிடாதீங்க. ஹாங்காங் காட்சி எழுதினா கூட கவனம், அவர் அங்க 1846ல ஒரு ஆறு மாசம் போல இருந்தாரு, அதுலயும் உடம்பு சரியில்லாம.

கடைசியா ஒரு தேதி, இத இப்பவே குறிச்சு வச்சுக்குங்க. ஊருக்குள்ள மேட்டுல இருந்த சாவோ பாலோ தேவாலயம் 1835 ஜனவரி 26ல எரிஞ்சு போச்சு, இப்ப டூரிஸ்ட்ங்க போட்டோ எடுக்கற முகப்புச் சுவர் மட்டும் நின்னுச்சு. சின்னரி 1834லயே அத முழுசா வரைஞ்சு வச்சிருக்காரு. உங்க கதை எந்த வருஷத்துல நடக்குதுனு முடிவு பண்ணிட்டு, அந்த வருஷத்துக்கு முன்ன பின்ன தேதி போட்ட தாள மட்டும் தனியா எடுத்து வச்சுக்குங்க. உங்க கதாநாயகி படகுலருந்து நிமிந்து மேட்டப் பாக்கற காட்சி வந்தா, அங்க கூரை இருக்கணுமா, கூரை போன சுவருக்குப் பின்னாடி வெறும் வானம் தெரியணுமாங்கறத அந்தத் தேதிங்களே சொல்லிரும்.